42-க்கு 1: டைசன்–டக்ளஸ் சண்டை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வலங்கைமான் பக்கம் எனக்கு ஒரு உரக்கடை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் விவசாயிகள் வரத்து குறைந்ததும் எங்கள் ஊர்க் கபடிக் குழுப் பையன்கள் வந்து யூரியா மூட்டை மேல் உட்கார்ந்துகொள்வார்கள். போன பொங்கல் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்று வெளியே வந்தார்கள். அன்றைக்கு ஆறுதலுக்காக மைக் டைசனும் பஸ்டர் டக்ளஸும் மோதிய பழைய குத்துச்சண்டையைச் செல்போனில் போட்டுக் காட்டினேன். அன்றிலிருந்து தினம் ஒருத்தன் "அண்ணே, ஒரு சந்தேகம்" என்று வருகிறான். ஒரே பதிலைப் பத்துத் தடவை சொல்லி வாய் வலித்துப்போனதால் எழுதியே வைத்துவிட்டேன்.

முதலில், என்னதான் நடந்தது?

1990 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை. ஜப்பானில் டோக்கியோ டோம் அரங்கம். உலக ஹெவிவெயிட் சாம்பியன் மைக் டைசனுக்கு வயது 23. போட்ட 37 சண்டையிலும் வெற்றி, அதில் 33 நாக் அவுட். இரண்டு வருஷத்துக்கு முன்பு மைக்கேல் ஸ்பிங்க்ஸ் என்ற பெரிய ஆளையே 91 விநாடியில் படுக்க வைத்தவர். எதிரே ஜேம்ஸ் 'பஸ்டர்' டக்ளஸ், அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் ஊர்க்காரர், வயது 29, அதற்குள் நான்கு தோல்வி பார்த்தவர். டைசனுக்கு அடுத்து இவாண்டர் ஹோலிஃபீல்டுடன் பெரிய சண்டை பேசியாகிவிட்டது. நடுவில் கை துருதுருவென்று இருக்கக் கூடாதே என்று வைத்த சண்டைதான் இது. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் டக்ளஸ் ஒப்புக்குச் சப்பாணி.

அந்த ஒப்புக்குச் சப்பாணி 10-வது ரவுண்டில் டைசனைத் தரையில் போட்டார்.

ஹெவிவெயிட் என்றால் எத்தனை கிலோ?

200 பவுண்டுக்கு மேல், அதாவது சுமார் 90.7 கிலோவுக்கு மேல். நீங்கள் உட்கார்ந்திருக்கும் யூரியா மூட்டை ஒன்று 45 கிலோ. இரண்டு மூட்டையைத் தாண்டினால் ஹெவிவெயிட், மேலே வரம்பே கிடையாது. அன்றைக்கு டைசன் 100 கிலோ, டக்ளஸ் 105.

42-க்கு 1 என்பது என்ன கணக்கு?

லாஸ் வேகாஸில் மிராஜ் என்ற கேசினோ வைத்த பந்தய விகிதம். டக்ளஸ் மேல் ஒரு டாலர் கட்டி அவர் ஜெயித்தால் 42 டாலர் லாபம். இந்தச் சண்டைக்குப் பந்தயம் வைப்பதே வீண் என்று மற்ற கேசினோக்கள் பெரும்பாலும் ஒதுங்கிக்கொண்டன.

இதைக் கேட்கிறவன் அடுத்த கேள்வியாக "நாமும் செல்போனில் கட்டலாமா அண்ணே" என்பான். கூடாது. எங்கள் தெருவில் இரண்டு வீடு அப்படிப் போயிருக்கிறது.

டக்ளஸ் கடைசியில் அடித்த அந்த அப்பர்கட்தானே சண்டையைத் திருப்பியது?

இல்லை. (அப்பர்கட் என்றால் கீழிருந்து மேலாகத் தாடைக்கு விடுகிற குத்து.) இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவையும் எழுத உட்கார்ந்தேன்.

எல்லோரும் 10-வது ரவுண்டை மட்டும் ஒரு நிமிஷ வீடியோவாகப் பார்க்கிறீர்கள். அதைப் பார்த்தால் ஏதோ மூலைக்குத் தள்ளப்பட்டவன் கண்ணை மூடிக்கொண்டு வீசின வீச்சு பட்டுவிட்டது போலத் தெரியும். முதல் ரவுண்டைப் போடுங்கள். டக்ளஸின் இடது கையை மட்டும் பாருங்கள். நேராக நீட்டி, டைசன் முகத்தில் தட்டி, திரும்ப இழுக்கிறார். அதற்குப் பெயர் ஜாப். வலிக்கிற அடி இல்லை, எதிராளியை எட்டத்தில் நிறுத்துகிற அடி. டக்ளஸ் கை விரித்தால் 83 அங்குலம், டைசன் விரித்தால் 71. ஒரு அடி வித்தியாசம். துறட்டிக்கம்பு வைத்திருக்கிறவன் ஏன் மரம் ஏறணும்? டைசன் குள்ளம், 5 அடி 10 அங்குலம். அவர் பலமே உள்ளே புகுந்து அடிப்பதுதான். உள்ளே புக முதல் அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் ஜாப் வந்து மூக்கில் நிற்கிறது. அதையும் மீறி நெருங்கினால் டக்ளஸ் கட்டிப் பிடித்துக்கொள்கிறார். விட்டதும் ஜாப், பின்னாலேயே வலது கை நேர்க்குத்து.

டைசன் பழைய டைசனாக இருந்தால் தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே வருவார், ஜாப் காற்றில் போகும். அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்த கஸ் டமாட்டோ 1985-ல் இறந்துவிட்டார். அவருக்குப் பிறகு பயிற்சி கொடுத்த கெவின் ரூனியை 1988-ல் டைசனே அனுப்பிவிட்டார். டோக்கியோவில் தலை ஆட்டம் இல்லை. மரம் மாதிரி நேராக நடந்து வந்து, ஒரே குத்தில் முடித்துவிடலாம் என்று காத்திருக்கிறார். சண்டைக்குச் சில நாள் முன்பு பயிற்சி ஆட்டத்தில் கிரெக் பேஜ் என்பவர் அவரைக் கீழே தள்ளியதே ஒரு எச்சரிக்கை. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நம் குழுவுக்கும் அதேதான் நடந்தது என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்கிறீர்கள். கடைசி ரெய்டில் பிடிபட்டவனை எல்லோருமாகத் திட்டினீர்கள். முதல் பத்து நிமிஷத்தில் ஒவ்வொரு ரெய்டுக்கும் இடது மூலையைத் திறந்து போட்டவனை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

டைசன் கண்ணில் ஏதோ பலூன் மாதிரி வைத்து அழுத்துகிறார்களே, அது என்ன?

நல்ல கண்ணுடா உனக்கு. முகம் வீங்கினால் ரவுண்டு இடைவெளியில் அழுத்துவதற்கு என்றே ஒரு சின்ன உலோகக் கட்டி உண்டு. கைப்பிடி வைத்த குட்டி இஸ்திரிப்பெட்டி மாதிரி இருக்கும், ஆனால் ஐஸில் போட்டுக் குளிர வைத்தது. எந்தச் சின்ன ஊர்ச் சண்டையிலும் கார்னர் ஆட்கள், அதாவது இடைவெளியில் வீரரைக் கவனிக்கிற உதவியாளர்கள், அதைப் பையில் வைத்திருப்பார்கள். உலக சாம்பியனின் ஆட்கள் கொண்டுவரவில்லை. டைசன் முகம் வீங்கும் என்று அவர்கள் நினைத்தே பார்க்கவில்லை போல. இடது கண் புடைத்து மூட ஆரம்பித்ததும் ஒரு ரப்பர் கையுறையில் ஐஸ் தண்ணீரை நிரப்பி, அதைக் கண்ணில் வைத்துப் பிடிக்கிறார்கள். கையுறை வழுக்குகிறது, விரல்கள் தொங்குகின்றன, வீக்கம் இறங்கவில்லை. ஒரு கண்ணால் பார்க்கிறவருக்கு எதிராளி வலது கையால் விடுகிற குத்து வருவதே தெரியாது.

அந்தச் சண்டை முழுக்க எனக்கு மறக்காத காட்சி அந்தக் கையுறைதான். நாக் அவுட்கூட இல்லை.

8-வது ரவுண்டில் டக்ளஸ் விழுந்தாரே, 10 விநாடிக்கு மேல் தரையில் இருந்தார் என்கிறார்களே? அப்படியானால் டைசன்தானே ஜெயித்தார்?

இதில் கடையில் இரண்டு கட்சி. ஒரு நாள் மூட்டையைவிட்டு எழுந்து அடித்துக்கொள்ளப் போய்விட்டார்கள். நிதானமாகப் பார்ப்போம். விழுந்தவன் ரெஃப்ரி பத்து எண்ணுவதற்குள் எழாவிட்டால் தோல்வி.

8-வது ரவுண்டு முடிய சில விநாடி இருக்கும்போது டைசன் வலது கையால் ஒரு அப்பர்கட் விட்டார். டக்ளஸ் மல்லாந்து விழுந்தார். ஆனால் மயங்கவில்லை. ஏமாந்துவிட்டோமே என்ற எரிச்சலில் இடது கை முஷ்டியால் தரையைக் குத்துகிறார், பார்க்கலாம். மெக்சிகோ ரெஃப்ரி ஆக்டேவியோ மெய்ரான் எண்ணினார். ஒன்பதில் டக்ளஸ் எழுந்தார். மணி அடித்தது.

இப்போது சிக்கல். ரிங்குக்கு வெளியே டைம்கீப்பர் ஒருவர் ஆள் விழுந்த நொடியே எண்ணத் தொடங்குவார். ரெஃப்ரி அந்த எண்ணிக்கையை வாங்கிக்கொண்டு தொடரணும். மெய்ரான் அப்படிச் செய்யாமல், கொஞ்சம் தாமதமாகத் தன் போக்கில் ஒன்றிலிருந்து ஆரம்பித்துவிட்டார். கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் டக்ளஸ் 10 விநாடிக்கு மேல் தரையில் இருந்தது உண்மை.

ஆனால் கீழே கிடப்பவன் கடிகாரத்தைப் பார்த்து எழுவதில்லை, ரெஃப்ரி விரலைப் பார்த்துத்தான் எழுகிறான். விதியும் அதுதான்: ரெஃப்ரி எண்ணுவதே செல்லும். டக்ளஸ் ரெஃப்ரி முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒன்பதுக்கு எழுந்தார், எட்டு என்றிருந்தால் எட்டுக்கு எழுந்திருப்பார். அப்புறம் இன்னொன்று, 10-வது ரவுண்டில் டைசனுக்கு எண்ணியதும் அதே மெதுவான எண்ணிக்கைதான். அவருக்கும் கூடுதல் விநாடி கிடைத்தது. அதற்குள் எழ முடியவில்லை.

டைசனின் ஏற்பாட்டாளர் டான் கிங் அன்றே முறையிட்டார். உலகப் பட்டம் கொடுக்கிற டபிள்யூபிஏ, டபிள்யூபிசி இரண்டு அமைப்புகளும் முடிவை நிறுத்தி வைத்தன. மூன்றாவது அமைப்பான ஐபிஎஃப் மட்டும் டக்ளஸ்தான் சாம்பியன் என்று உடனே சொன்னது. உலகம் முழுக்கக் காறித் துப்பவே, சில நாளிலேயே மற்ற இரண்டும் இறங்கி வந்தன. கையில் பேப்பர் இருக்கிறவன் ரிங்கில் தோற்றதை மேஜையில் ஜெயிக்கப் பார்ப்பது நம் பக்கம் வாய்க்கால் தகராறிலேயே பார்த்ததுதானே.

அம்மா இறந்த வெறியில்தான் டக்ளஸ் ஜெயித்தாராமே?

சண்டைக்கு 23 நாள் முன்பு டக்ளஸின் அம்மா லூலா பெர்ல் இறந்தார். ஊரெல்லாம் "டைசனை என் மகன் அடிப்பான்" என்று சொல்லிக்கொண்டிருந்தவராம். சண்டை முடிந்து மைக்கை நீட்டியதும் டக்ளஸ் அம்மாவைச் சொல்லித்தான் அழுதார்.

அது அவரைத் தாங்கியிருக்கும், மறுக்க மாட்டேன். எங்கள் அப்பா போன பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே கடையைத் திறந்தவன் நான், அது என்ன மாதிரி நாள் என்று தெரியும். ஆனால் துக்கம் ஜாப் கற்றுக்கொடுக்காது. டக்ளஸின் அப்பா பில்லியும் குத்துச்சண்டைக்காரர், சின்ன வயதிலிருந்தே வீட்டில் பாடம். 1987-ல் டோனி டக்கருடன் பட்டத்துக்கு மோதியபோது முன்னிலையில் இருந்து கடைசியில் கைவிட்டவர். திறமை இருக்கிறது, உடம்பை வருத்த மாட்டார் என்பதுதான் அவர் பேரில் இருந்த குறை. இந்த ஒரு சண்டைக்கு வருத்தினார்.

நடுவர்கள் யார் பக்கம் மதிப்பெண் போட்டிருந்தார்கள்?

ஒவ்வொரு ரவுண்டிலும் ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9. கீழே விழுந்திருந்தால் பெரும்பாலும் 8. இப்படி மூன்று நடுவர்கள் தனித்தனியாகப் போடுவார்கள். ஒன்பது ரவுண்டு முடிவில் ஒருவர் கணக்கில் டக்ளஸ் 88, டைசன் 82. இன்னொருவர் 86–86. மூன்றாமவர் டைசன் 87, டக்ளஸ் 86!

மூன்றாவது கணக்கை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. டக்ளஸின் குத்து டைசனுடையதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விழுந்த சண்டை அது. சாம்பியனைப் பார்த்துக்கொண்டே இருந்தால் எதிராளி அடிப்பது கண்ணில் படாது போலிருக்கிறது.

கடைசியில் டைசன் தரையில் எதைத் தேடுகிறார்?

பல் காப்பை. 10-வது ரவுண்டு, இன்னும் ஒன்றரை நிமிஷம் ஆகவில்லை. டக்ளஸின் வலது அப்பர்கட் டைசன் தாடையைத் தூக்கிவிட்டது, அடுத்து மூன்று நான்கு குத்து மளமளவென்று. தொழில்முறைச் சண்டையில் முதல் தடவையாக டைசன் கீழே. வாயிலிருந்து தெறித்த ரப்பர் பல் காப்பை முட்டி போட்டுத் தடவித் தடவி எடுக்கிறார், வாயில் திணிக்கிறார். பாதி வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. அப்படியே எழுந்து தள்ளாடும்போது ரெஃப்ரி கட்டிப் பிடித்துச் சண்டையை நிறுத்துகிறார்.

சுற்றிலும் ஆள் எண்ணுகிறான், எழ வேண்டிய நேரம். அவர் கை பல் காப்பைத் தேடுகிறது. தலையில் அடிபட்டவனின் உடம்பு பழகின வேலையைத்தான் செய்யும். இதைப் பார்த்துச் சிரித்தவனை நான் கடையைவிட்டு அனுப்பினேன். மறுநாள் வந்துவிட்டான், அது வேறு.

இதில் ஆள் செத்துப்போகவும் வாய்ப்பு உண்டா?

உண்டு. 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் ரே மன்சினியுடன் மோதிய கொரியாக்காரர் கிம் டுக்-கூ மூளையில் அடிபட்டுச் சில நாளில் இறந்தார். அதன் பிறகுதான் பட்டச் சண்டைகள் 15 ரவுண்டிலிருந்து 12-ஆகக் குறைந்தன.

ஜெயித்த டக்ளஸ் அப்புறம் என்ன ஆனார்?

எட்டு மாதம் சாம்பியன். 1990 அக்டோபர் 25 அன்று ஹோலிஃபீல்டுடன் மோதினார். கோடிக்கணக்கில் சம்பளம். எடை டோக்கியோவைவிட ஆறரைக் கிலோ கூடியிருந்தது. மூன்றாவது ரவுண்டில், தூரத்திலிருந்து அப்பர்கட் வீசித் தவறவிட்டு, நேராக ஒரு வலது கை வாங்கி விழுந்தார். டோக்கியோவில் அத்தனை பொறுமையாக ஜாப் போட்ட அதே மனிதர்தானா என்று இருக்கும். அறுவடை முடிந்ததும் மேடு தட்டிய வயலைக் கவனிக்காமல் விட்டவர் மாதிரி.

இந்த மாதிரி வேறு சண்டைகள் உண்டா?

நிறைய. 1935-ல் பட்டத்தைக் கைப்பற்றிய ஜேம்ஸ் பிராடக் அதற்கு முன்பு துறைமுகத்தில் மூட்டை தூக்கிப் பிழைத்தவர். 1964-ல் 22 வயதுப் பையன் கேசியஸ் கிளே, பிறகு முகமது அலி, சோனி லிஸ்டனை 7-வது ரவுண்டுக்கு எழவிடாமல் செய்தார். அதே அலி 1978-ல் எட்டாவது தொழில்முறைச் சண்டை மட்டுமே போட்டுக்கொண்டிருந்த லியான் ஸ்பிங்க்ஸிடம் தோற்றார், ஏழு மாதத்தில் திரும்ப வாங்கினார்.

2001-ல் லெனாக்ஸ் லூயிஸ் கதை எனக்குப் பிடித்தது. தென்னாப்பிரிக்காவில், கடல் மட்டத்துக்கு ஆயிரத்து அறுநூறு மீட்டருக்கு மேல் உள்ள பிராக்பனில் சண்டை. ஹசிம் ரஹ்மான் முன்கூட்டியே போய் அந்தக் காற்றுக்கு உடம்பைப் பழக்கினார். லூயிஸ் ஹாலிவுட் படமொன்றில் தலைகாட்டிவிட்டுத் தாமதமாகப் போனார். 5-வது ரவுண்டில் கயிற்றோரம் சிரித்துக்கொண்டு நின்றவர் அடுத்த நொடி தரையில்.

2019 ஜூன் 1, நியூயார்க். சிலை செதுக்கின மாதிரி உடம்பு ஆன்டனி ஜோஷுவாவுக்கு. எதிரே தொப்பையோடு 121 கிலோ ஆண்டி ரூயிஸ். முதலில் ஒப்பந்தமானவர் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டியதால் கடைசி நேரத்தில் வந்தவர். 3-வது ரவுண்டில் முதலில் விழுந்தது ரூயிஸ்தான். எழுந்தார், அதே ரவுண்டில் ஜோஷுவாவை இரண்டு தடவை தள்ளினார், 7-வதில் இன்னும் இரண்டு தடவை, முடிந்தது. டிசம்பரில் மறுமோதலுக்கு வந்தபோது ரூயிஸ் 128 கிலோ. மூன்று மாதம் கூத்தடித்தேன் என்று அவரே பிறகு ஒத்துக்கொண்டார். தோற்றார்.

ஒரே எடைக்கு எத்தனை சாம்பியன்?

நான்கு அமைப்பு, நான்கு பெல்ட்: டபிள்யூபிசி, டபிள்யூபிஏ, ஐபிஎஃப், டபிள்யூபிஓ. ஹெவிவெயிட்டில் நான்கையும் சேர்த்துக் கட்டிய முதல் ஆள் உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக், 2024 மே மாதம் டைசன் ஃபியூரியை ஜெயித்து. டக்ளஸ் காலத்தில் முதலாவது மூன்றுதான் கணக்கு.

நம் ஆட்கள் யாரும் பெரிய எடையில் இல்லையா?

தொழில்முறையில் பெயர் சொல்லும்படி இல்லை. ஒலிம்பிக்கில் சதீஷ் குமார் உண்டு. டோக்கியோவிலேயே, 2021-ல், முகத்தில் 13 தையலோடு காலிறுதியில் இறங்கி உஸ்பெகிஸ்தானின் ஜலோலோவிடம் தோற்றார். தமிழ்நாட்டில் குத்துச்சண்டை என்றால் வடசென்னைதான், அங்கே பரம்பரை பரம்பரையாக ஆடினார்கள். 1980-ல் அலியே மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை போட்டார். காவிரிக் கரையில் நமக்குக் கபடியும் சிலம்பமும்.

டைசன் தோற்ற அன்று நீங்கள் நேரலையில் பார்த்தீர்களா?

எங்கே பார்ப்பது? எனக்கு அப்போது 14 வயது. தை மாதக் கடைசி, சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது, களத்தில் கட்டுத் தூக்கிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை முடிவெட்டப் போன இடத்தில் பேப்பர் பார்த்தேன். அதே ஞாயிற்றுக்கிழமைதான் தென்னாப்பிரிக்காவில் நெல்சன் மண்டேலா 27 வருஷச் சிறைக்குப் பிறகு வெளியே வந்தார். முதல் பக்கம் முழுக்க அவர். டைசன் உள்ளே எங்கேயோ கிடந்தார். முடிவெட்டுகிற அண்ணன் படித்துவிட்டு, "அச்சுப் பிழைடா, பேரை மாத்திப் போட்டுட்டான்" என்றார். நானும் ஒரு வாரம் அப்படியே நம்பினேன்.

முழுச் சண்டையையும் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஒன்பது ரவுண்டு, மூன்று மூன்று நிமிஷம். நடுவில் ஒரு நிமிஷ இடைவெளி ஒன்பது. அதையும் ஓட்டிவிடாதீர்கள், கையுறை அதில்தான் வருகிறது. பத்தாவதில் ஒன்றரை நிமிஷம். மொத்தம் 38 நிமிஷத்துக்குள். நான் எட்டரைக்குக் கடையைச் சாத்துவேன். ஏழே முக்காலுக்கு வந்துவிட்டால் முதல் மணியிலிருந்து பார்த்துவிடலாம். சார்ஜர் கொண்டு வாருங்கள், என் செல்போன் பேட்டரி 6-வது ரவுண்டைத் தாண்டாது.